அந்தச் சில துளி இரத்தம்... யாரிடம் கேட்பது?

காலை நிகழ்ச்சி முடிந்து ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோதுதான் அந்தக் குரல் பதிவைக் கேட்டேன். “அக்கா, இதை வானொலியில போட்டுடாதீங்க. சேர்ந்து இருந்த பிறகு எனக்கு இரத்தம் வருது. மூனு மாசமா. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலை.”

34 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். சிலாங்கூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவரிடம் சொல்லவில்லை. இணையத்தில் தேடியிருக்கிறார், ‘புற்றுநோய்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கைப்பேசியை மூடிவைத்துவிட்டார். (இரவு இரண்டு மணிக்குக் கூகுளில் நோய் தேடியவர்கள் கையைத் தூக்கலாம். நானும் தூக்குகிறேன்.) பெயர் வராமல் எழுதச் சம்மதித்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கட்டுரை.

உடலுறவுக்குப் பின் இரத்தம் வருவது ஓர் அறிகுறி, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியவர் பரிசோதித்துப் பார்த்த மருத்துவர். கூகுளும் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை.

அதிகம் காணப்படும் காரணங்களில் ஒன்று எக்ட்ரோப்பியன். கருப்பை வாயின் உட்பக்கத்தில் இருக்கும் மென்மையான செல்கள் வெளிப்பக்கமும் பரவியிருக்கும், உரசினால் கசியும். இளம் பெண்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரிடம் இது சகஜம். நம்மவர்கள் இதைத்தான் ‘கருப்பை வாயில் புண்’ என்று சொல்லிப் பயமுறுத்திவிடுகிறார்கள். இது புண்ணே அல்ல. மற்ற சோதனைகள் சரியாக இருந்தால் பலருக்குச் சிகிச்சைகூடத் தேவைப்படாது.

கருப்பை வாயில் வளரும் பாலிப் என்ற சிறு சதையும் காரணமாகலாம். பிறகு கிருமித் தொற்று: கிளாமிடியா, கொனோரியா போன்றவை பல மாதங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். மருந்து உண்டு, ஆனால் கணவன் மனைவி இருவரும் எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் திரும்ப வந்துவிடும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் வரும் வறட்சியாலும் கீறல் ஏற்பட்டு இரத்தம் கசியலாம்.

இனி, எல்லாரும் பயப்படும் விஷயம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். உடலுறவு கொள்ளும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது தொற்றும். பலருக்குத் தானாகவே போய்விடும். போகாமல் பல ஆண்டுகள் தங்கினால்தான் ஆபத்து. ஆகவே ‘எச்பிவி இருக்கிறது’ என்று முடிவு வந்ததும் வீட்டில் ‘யாரிடம் போனாய்?’ என்ற கேள்வி எழுந்தால், அந்தக் கேள்வி அநியாயமானது. எப்போது தொற்றியது, யாரிடமிருந்து வந்தது என்று அந்தச் சோதனை சொல்லாது. என் தோழி ஒருத்தியின் வீட்டில் இதை வைத்து ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை.

கிளினிக்கில் என்ன நடக்கும்? முதலில் கேள்விகள்: கடைசி மாதவிடாய் எப்போது, எவ்வளவு இரத்தம், வலி உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். தேதிகளைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள். கர்ப்பமா என்று சிறுநீர் சோதனை செய்வார்கள். பிறகு, வாத்தின் அலகு போன்ற ஒரு கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். சில நிமிடங்கள்தான், அசௌகரியமாக இருக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, தாதி உடனிருக்க வேண்டும் என்றோ கேட்கத் தயங்காதீர்கள். தொற்றுக்கு மாதிரி எடுப்பார்கள். பேப் ஸ்மியர் அல்லது எச்பிவி சோதனையும் செய்யலாம். சந்தேகம் இருந்தால் கோல்போஸ்கோபி. அதாவது, கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் சிறு துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

“போன வருஷம்தான் பேப் ஸ்மியர் செஞ்சேன், நல்லாத்தான் இருந்துச்சு” என்று சிலர் விட்டுவிடுவார்கள். அந்தச் சோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கானது. இரத்தம் வந்தால் மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும். 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் வருவதுபோல நாமே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கும் வசதி அருமையானது. ஆனால் அதுவும் இந்த நேரத்துக்குப் போதாது. 2010 முதல் பள்ளிகளில் எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொண்ட தங்கைகளுக்கும் இதே பதில்தான். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். கர்ப்பமாக இருந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தச் சகோதரி கணவரிடம் சொல்லிவிட்டார். கிளினிக்குக்கு விடுப்பு எடுத்து அழைத்துப் போனவர் அவர்தான். பாலிப். எடுத்துவிட்டார்கள், ஆய்வு முடிவும் நல்லபடியாக வந்தது.

அதைச் சொல்ல அனுப்பிய பதிவின் கடைசியில் இன்னொரு விஷயம் இருந்தது. அவர் அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மகளின் கதையைக் கேட்டபிறகுதான் வாய் திறந்திருக்கிறார்: “எனக்கும் எப்பவாச்சும் கொஞ்சம் படுது. சூடுன்னு நெனச்சேன்.” மாதவிடாய் முற்றிலும் நின்றபின் ஒரு துளி பட்டாலும், உறவுக்குப் பிறகோ சும்மா இருக்கும்போதோ, அதைச் சூடு என்று விடக்கூடாது, கருப்பையையும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். உடனே அழைத்துச் சொன்னேன். வியாழக்கிழமை அம்மாவும் மகளும் கிளினிக்குக்குப் போகிறார்கள்.