அப்பாவின் கணக்கும் மகனின் கணக்கும்

"நாங்கள் பட்ட கஷ்டத்தில் கால்வாசிகூட இந்தக் காலத்துப் பிள்ளைகள் படவில்லை. ஆனாலும் கையில் காசு தங்குவதில்லை." கல்லாவில் அமர்ந்திருக்கும் மூத்த வணிகர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். "நீங்கள் கடை வைத்த காலம் வேறு, இப்போது வைத்துப் பாருங்கள்" என்பது இளைஞர்களின் பதில். இந்த வாதம் முற்றி மகன் வேறு வேலை தேடிப் போவதும், தந்தைக்குப் பின் கடை பூட்டப்படுவதும் நாம் காணாததல்ல. எனவே கோபதாபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த வழியில், பற்று வரவாக எழுதிப் பார்ப்போம்.

அன்றைய கஷ்டம்

மூத்தவர்கள் சொல்வதில் மிகையில்லை. தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் கடைப் பையன்களாக வந்தவர்கள், விடியற்காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு எடுத்து வைக்கும் வரை உழைத்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் படுத்து உறங்கினார்கள். 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாட்டைக் கண்டார்கள். 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆகும்வரை சிறு கடைக்காரருக்கு வங்கிக் கடன் எட்டாக்கனி. அதன் பிறகும் அவசரத்துக்குக் கிடைத்தது தண்டலும் கந்து வட்டியும்தான். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டு வந்ததே 2003-இல்தான். 1991-இல் விலைவாசி ஒரே ஆண்டில் 13 சதவீதத்துக்கும் மேல் ஏறியபோது கடை நடத்தியவர்களும் இவர்களே.

ஏட்டில் ஏறாத முதல்

ஆனால் அந்தத் தலைமுறைக்கு ஏட்டில் எழுதாத முதல் ஒன்று இருந்தது. கடைப் பையனின் சாப்பாடும் தங்குமிடமும் முதலாளியின் பொறுப்பு. பல கடைகளில் சம்பளம் முதலாளியிடமே சேர்ந்து, சில ஆண்டுகள் கழித்துத் தனிக் கடை போடக் கைகொடுத்தது. மொத்த வியாபாரி முகத்தைப் பார்த்துச் சரக்குக் கடன் தந்தார். ஆடி மாதத்தில் விற்பனை மந்தமானால் பாக்கிக்குப் பொறுத்துக் கொண்டார். வீட்டார் சம்பளமில்லாமல் கடையில் நின்றார்கள்.

சேமிப்புக்கும் நல்ல வட்டி கிடைத்தது. 1988-இல் வந்த கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பானது. அதே பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் நிர்ணயித்த காலம் 115 மாதங்கள். அதாவது ஒன்பதரை ஆண்டுக்கும் மேல். அன்று விலைவாசியும் வேகமாக ஏறியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் லாபத்தில் கொஞ்சம் தங்கமாக வாங்கி வைத்தவருக்கு அந்தக் கவலையும் இல்லாமல் போயிற்று. 2000-ஆம் ஆண்டில் 10 கிராம் சுமார் 4,400 ரூபாய்க்கு விற்ற தங்கம், 2025-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தந்தை சேர்த்த அதே எடையை இன்று மகன் சேர்க்க இருபது மடங்குக்கு மேல் பணம் வேண்டும்.

இன்றைய கஷ்டம்

இன்றைய இளைஞருக்கு வசதிகள் உண்டு. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கிறது. கைப்பேசியிலேயே பணம் வாங்கலாம், கொடுக்கலாம். ஆனால் எளிதில் கிடைக்கும் கடனுக்குத் தேதி உண்டு. மொத்த வியாபாரி காத்திருப்பார். மாதத் தவணை காத்திருக்காது. மழையில் கடை மூடிக் கிடந்தாலும் குறித்த நாளில் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மளிகைக் கடையில் மாத விற்பனை 3,00,000 ரூபாய், லாபம் பத்து சதவீதம், அதாவது 30,000 என்று வைத்துக் கொள்வோம். மகன் வாடகைக் கடை வைத்திருக்கிறார். வாடகை 10,000, மின்சாரம் 3,000, வங்கித் தவணை 9,000. ஆக 22,000 போக மிச்சம் 8,000. ஒரு மாதம் விற்பனை 2,40,000 ஆகக் குறைகிறது. லாபம் 24,000, செலவு அதே 22,000, மிச்சம் 2,000. விற்பனை குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். கையில் நிற்பதோ நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

அதே கடை சொந்தக் கட்டடத்தில், கடனில்லாமல், தந்தையின் பெயரில் நடந்தால்? நல்ல மாதத்தில் 27,000; மந்தமான மாதத்தில் 21,000. ஒரே சரக்கு, ஒரே உழைப்பு. தந்தையின் கஷ்டம் பணம் வராத கஷ்டம். மகனின் கஷ்டம், வருமுன்பே போகும் இடம் முடிவாகிவிட்ட கஷ்டம். இதை ஊதாரித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

நாம் செய்யக் கூடியவை

கடையில் நிற்கும் மகனுக்கோ மகளுக்கோ மாதச் சம்பளம் நிர்ணயித்து, அவர்கள் பெயரிலேயே வங்கியில் போடுங்கள். சொந்தக் கட்டடமானாலும் அதற்குரிய வாடகையைச் செலவில் எழுதுங்கள். வியாபாரத்தின் உண்மை லாபம் அப்போதுதான் தெரியும்.

மொத்த வியாபாரிகள், புதிதாகக் கடை வைக்கும் இளைஞருக்குச் சிறு தொகைக்காவது பதினைந்து நாள் தவணையில் சரக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அன்று தங்களுக்குக் கிடைத்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பதாகவும் அது இருக்கும்.

இளைஞர்களும் மூத்தவர்களிடம் கற்க வேண்டியது உண்டு. கல்லாப் பணம் வேறு, வீட்டுச் செலவு வேறு என்பது முதல் பாடம். கடை திறக்கும் முன் மூன்று மாத வாடகைக்கும் தவணைக்கும் உரிய தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். கடை வைத்த ஆண்டிலேயே வண்டிக்கும் கைப்பேசிக்கும் தவணை கட்ட வேண்டாம். கைப்பேசிச் செயலிகளில் நிமிடத்தில் கிடைக்கும் கடனில் கை வைக்கும் முன், கொடுப்பது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம், அது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றதா என்று பாருங்கள்.

அடுத்த முறை புதுக்கணக்கு எழுதும் நாளில், தந்தையும் மகனும் ஒரே பேரேட்டை நடுவில் வைத்து, மாதந்தோறும் தவறாமல் போகும் செலவு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். யார் அதிகம் கஷ்டப்பட்டார்கள் என்ற வழக்கு அந்தப் பக்கத்தோடு தீர்ந்துவிடலாம். கடையும் நிலைக்கும்.