கரையோர ஊர்கள் – 7: நாலு பாதை கடந்து

திருகோணமலையிலிருந்து ஹபரணை சுற்றிப் போவதை விட்டுக் கரையோர வழியால் மட்டக்களப்புக்குப் போவதென்று போன வாரம் முடிவெடுத்தோம். காரணங்களைத் திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் வாகரையில் எங்கே தங்குவது, மத்தியானச் சாப்பாடு எங்கே என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் செவ்வாய் இரவு கப்பல்துறை வீட்டுத் திண்ணையில் வரைபடத்தை விரித்தேன். அம்மா ஒரு சொல்லைச் சொன்னார். வாகரை தள்ளிப் போய்விட்டது.

மகள் வரைபடத்தில் விரல் வைத்துச் சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர் என்று வாசித்துக்கொண்டு போனாள். மூதூர் வந்ததும் அம்மா, "நான் கலியாணம் முடிச்சு நாலு பாதை கடந்துதான் இந்த வீட்டுக்கு வந்தனான்" என்றார்.

மகளுக்கு விளங்கவில்லை. "பாதையால போகலாம் அப்பம்மா. பாதையை எப்பிடிக் கடக்கிறது?"

நாற்பது வருடமாக நானும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. கிழக்கு மாகாணத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆற்றையும் களப்பையும் கடக்க உதவும் மிதவை. இரண்டு மூன்று வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, ஓரத்தில் கைபிடிக்கக் கம்பி அடித்திருப்பார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரும்பு வடம் இழுத்திருக்கும். பாதைக்காரர்கள் அந்த வடத்தைப் பிடித்து இழுக்க இழுக்க, மிதவை நகரும். பஸ் வந்தால் ஆட்கள் எல்லோரும் இறங்கவேண்டும். வெறும் பஸ்ஸைச் சாரதி மெதுவாகப் பலகையில் ஏற்றுவார், பிறகு சனம் அதைச் சுற்றி நிற்கும். அக்கரையில் முதலில் சனம் இறங்கும், பிறகு பஸ். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வடம் தாங்காது, பாதை ஓடாது. அன்றைக்கு ஊர் இரண்டு துண்டு.

இப்போதும் மட்டக்களப்பு வாவியைக் கடக்க "பாதையில ஏறு" என்றுதான் சொல்கிறார்கள். மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும் இடையில் ஓடுவதும் பாதைதான். தரையில் கிடப்பதற்கு இருக்கும் அதே சொல்லை நீரில் மிதப்பதற்கும் வைத்த சனம் இது. ஏன் என்று கேட்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை கிண்ணியாவுக்குப் போனேன். பாலம் வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்துக்குத் துறையடி என்றுதான் பெயர். அங்கே தேநீர்க் கடை வாங்கில் ஒரு வயதான காக்கா உட்கார்ந்திருந்தார், இளவயதில் பாதையில் வடம் இழுத்தவர். அவருடைய உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். விரல்களின் அடியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

"ஏன் காக்கா இதுக்குப் பாதைன்னு பேர் வைச்சாங்க?"

"ரோட்டு வேற, பாதை வேற மகன். ரோட்டு முடியிற இடத்துலதான் பாதை துவங்கும்."

அகராதியில் தேடவேண்டிய தேவை எனக்கு அதற்குப் பிறகு இருக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று: இரவில் பிரசவத்துக்குப் பெண்ணைக் கொண்டுவந்தால், அக்கரையில் நின்று விளக்கை ஆட்டுவார்களாம். இக்கரையில் படுத்திருக்கும் பாதைக்காரர் எழும்பித் தனியாகவேனும் இழுத்துக்கொண்டு போகவேண்டும். கூலி பேசுவதில்லை. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கணக்குச் சொன்ன நாலு பாதையையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். மூதூரிலிருந்து வந்தால் முதலில் இறால்குழி, பிறகு கங்கை, பிறகு உப்பாறு, கடைசியாகக் கிண்ணியா. இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இறால் கிடக்கும் குழி, உப்புத் தண்ணீர் ஓடும் ஆறு. கங்கை என்பது மகாவலி. கண்டிச் சீமையைச் சுற்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் நாட்டின் மிக நீளமான ஆற்றுக்கு, அது கடலில் விழும் இடத்தில் இருக்கும் எங்கள் சனம் அடைமொழி வைக்கவில்லை. கங்கை என்றால் போதும். அந்த ஆறு கடலுக்கு முன்னால் பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழுகிறது, மற்றது வெருகல் ஆறாகத் தெற்கே போய்க் கடலைச் சேர்கிறது. அதாவது மூதூர்க்காரர் எந்தப் பக்கம் வெளிக்கிட்டாலும் மகாவலியைக் கடந்தே ஆகவேண்டும். வடக்கே கங்கை, தெற்கே வெருகல். அதனால்தான் மூதூர்ச் சனம் தரைவழியை விட்டுக் குடாவைக் குறுக்கே வெட்டி லோஞ்சில் திருகோணமலைக்கு வந்து போனார்கள். அம்மாவின் கலியாணத்தன்று கடல் கொந்தளிப்பு, லோஞ்சு ஓடவில்லை. இல்லாவிட்டால் இந்த நாலு பாதைக் கதையே எங்கள் வீட்டில் இருந்திருக்காது. காலையில் வெளிக்கிட்ட மணமக்கள் விளக்கு வைத்த பிறகுதான் கப்பல்துறைக்கு வந்து சேர்ந்தார்களாம். இன்றைக்கு அதே வழியில் வானில் ஒரு மணித்தியாலம் போதும்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியில் கட்டியது, 396 மீற்றர். அன்றைக்கு இலங்கையிலேயே மிக நீளமான பாலம். தம்பலகாமக் குடாவின் தண்ணீர் கொட்டியாரக் குடாவைச் சேரும் வாயின் மேல் நிற்கிறது. அடுத்த சில வருடங்களில் பிரான்சின் கடனுதவியோடு உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகியவற்றுக்கும் பாலம் வந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலும் அப்படித்தான்: மண்முனைத்துறைப் பாதை ஓடிய இடத்தில் ஜப்பான் உதவியில் கட்டிய பாலத்தை 2014 ஏப்ரலில் திறந்தார்கள். சுனாமியும் போரும் கிழித்துப் போட்ட கரையைப் பாலங்கள்தான் தைத்தன. அந்தப் பாலங்கள் இல்லாமல் இந்தத் தொடருக்கே இடமில்லை. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரைவழி சுமார் 130 கிலோமீற்றர். ஹபரணை சுற்றினால் 200ஐத் தாண்டும். போர்க் காலம் முழுவதும் குறுகிய வழியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நாங்கள் நீண்ட வழியால் போனோம்.

பாதையை அழகான பழங்காலப் பொருள் என்று எண்ணிவிடவேண்டாம். கிண்ணியா நகரத்திலிருந்து சிறிது தூரத்தில் குறிஞ்சாக்கேணி இருக்கிறது. அங்கே பழைய பாலத்தை மாற்றிப் புதியது கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில், சனம் மிதவையில் கடந்துகொண்டிருந்தது. 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு அந்த மிதவை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள். சின்னப் பிள்ளைகளும் அதில் அடக்கம். தேநீர்க் கடைக் காக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் அந்த இடத்தில் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். கடந்து போகும்போது பாட்டைக் குறைத்துக்கொண்டு போங்கள், அது போதும்.

மூதூரில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறேன். துறைக்கு வந்து திரும்பப் போகமுடியாமல் போன ஒருவரின் கதை அங்கே இருக்கிறது. ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து, திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பற்தலைவரையும் அவருடைய பத்தொன்பது வயது மகன் ரொபேட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது வருடம் மலைநாட்டில் இருந்தார், தொப்பி பின்னி விற்றார், ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்தார். அந்த வியாபாரத்தில்தான் வழிகளைப் படித்தார். 1679இல் தப்பி, அனுராதபுரக் காடுகளால் இறங்கி, மேற்குக் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல்தான் அந்தக் காலத்துக் கண்டி இராச்சியத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நேரடிச் சாட்சி. மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லும் புளியமரத்தடியில் நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். ஊர்ச் சனம் அதை வெள்ளைக்காரன் மரம் என்பார்கள். அடிமைப்பட்டிருந்த இடத்தில் கால்நடையாகத் திரிந்தே ஒரு நாட்டின் வழிகளைக் கற்றவரின் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லப்போகிறேன்.

இனிப் பயணத் திட்டம். இந்த வாரம் உறுதியானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஓகஸ்ட் விடுமுறையில்தான் போகிறோம். மேற்கிலும் தெற்கிலும் மழை பெய்யும் காலம் எங்களுக்குக் கோடை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இந்தப் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும், ஆறுகளில் தண்ணீர் இறங்கியிருக்கும். தொந்தரவு தருவது கச்சான் மட்டும்தான். கடலை அல்ல, காற்று. இரண்டுக்கும் எங்கள் ஊரில் ஒரே சொல். மேற்கிலிருந்து காய்ந்து வரும் அந்தக் காற்று பத்து மணிக்கு மேல் பலத்தால் மத்தியானத்தில் வீதியில் நிற்க முடியாது, கண்ணெல்லாம் மண். ஆகவே விடிய ஐந்து மணிக்குக் கப்பல்துறையில் இருந்து புறப்பாடு. கிண்ணியாப் பாலத்தில் சூரியன் எழும்ப வேண்டும். அங்கே காலைத் தேநீர். மூதூரில் காலைச் சாப்பாடு, ஒரு முட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொள்வது. தயிரை வானின் பின்பக்கத்தில் வைக்கவேண்டாம், முட்டி உடையும். மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆளை இப்போதே நியமித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு தோப்பூர், சேருநுவர, ஈச்சிலம்பற்று வழியாக வெருகல். ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் ஒவ்வொரு வருடமும் இந்த வழியால்தான் போகிறார்கள். நாங்கள் வானில் ஒரு காலைப்பொழுதில் முடிக்கும் தூரத்தை அவர்கள் நாட்கணக்கில், வெறுங்காலோடு கடக்கிறார்கள். ஓகஸ்டில் அவர்களைக் காணமாட்டோம், அதற்கு முன்னரே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆவணித் திருவிழாவுக்குக் கோயிலில் கொட்டகை போடும் வேலையை வேண்டுமானால் பார்க்கலாம். வெருகல் ஆற்றோடு திருகோணமலை மாவட்டம் முடிகிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி. தங்குமிடமும் மத்தியானச் சாப்பாடும் அடுத்த வாரம். இரண்டு இடங்களில் பேசி வைத்திருக்கிறேன், விலையும் தெரியும். பாசிக்குடா அதற்கு அடுத்த வாரத்துக்குப் போகும்.

இந்த வழியால் முன்கூட்டியே போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாலங்களை எண்பது கிலோமீற்றர் வேகத்தில் தாண்டாதீர்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் இறங்கி, பழைய வீதி எங்கே தண்ணீருக்குள் இறங்குகிறது என்று தேடிப் பாருங்கள். சில இடங்களில் தார் உடைந்து கிடக்கும், சில இடங்களில் வடம் கட்டிய தூண் தலைநீட்டும்.

இன்னொன்று, இது வாசகர் எல்லோருக்கும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி இந்த நான்கில் எந்தப் பாதையின் புகைப்படம் உங்கள் வீட்டுக் கலியாண அல்பத்திலோ பழைய பெட்டியிலோ இருந்தாலும், ஒரு பிரதி எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். பின்னால் எழுதியிருக்கும் திகதியையும் குறிப்பிடுங்கள். அம்மாவிடம் அன்றைய நாளின் படம் ஒன்றும் இல்லை.