நாலந்தாவும் ஈர வெப்பமும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி மாத்தளை நகரைக் கடந்து தம்புள்ளையை நோக்கி இறங்கும் வழியில் உள்ள நாலந்தா, இலங்கையின் காலநிலைப் படத்தில் ஓர் எல்லை ஊராகும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நிலம் ஈரவலயம் என்றும், 1,750 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெறுவது உலர்வலயம் என்றும், இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது இடைவலயம் என்றும் வகுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரும் வடக்கே உலர்ந்த சமவெளியும் சூழ்ந்த நாலந்தா, இடைவலயத்தைச் சேர்ந்தது. ஒருபுறம் மிளகும் கொக்கோவும் பயிராகும் நிழல் தோட்டங்களும், மறுபுறம் குளத்து நெல்லும் சேனைப் பயிரும் சில மைல் தூரத்துக்குள்ளேயே காணப்படுவது இதனால்தான். மழை தவறும்போதும் வெப்பம் கூடும்போதும் வலயத்தின் நடுவில் உள்ள ஊர்களைவிட எல்லையில் உள்ள ஊர்களே முதலில் தடுமாறுகின்றன. அங்குள்ள பயிர்களும் வேலைமுறைகளும் இரு வலயங்களின் இயல்புகளையும் எதிர்பார்த்து அமைந்தவை என்பதே அதற்குக் காரணம்.

கடும் வெப்பம் என்றதும் இராஜஸ்தானத்தின் பாலைவனமும் 45 பாகை காட்டும் வெப்பமானியும் நினைவுக்கு வருவது இயல்பே ஆயினும், இலங்கையின் வெப்பம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இங்கு வெப்பமானி 32 அல்லது 33 பாகை செல்சியசைக் காட்டும் நாளிலும் மனித உடல் தாங்கமுடியாத வெக்கையை உணர்வதற்குக் காற்றிலுள்ள ஈரப்பதமே காரணம். உடலின் சூட்டைத் தணிக்கும் முதன்மையான வழி வியர்வை ஆவியாவதாகும். காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கும்போது வியர்வை வழிந்தோடுமே தவிர ஆவியாகாது, ஆகவே உடல் குளிர்வதுமில்லை. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணித்து, உடல் உண்மையில் எவ்வளவு சூட்டை உணர்கிறது என்பதைக் காட்டும் எண் வெப்பச் சுட்டெண் எனப்படுகிறது. 32 பாகை வெப்பத்துடன் 70 சதவீத ஈரப்பதம் சேருமானால் இச்சுட்டெண் ஏறக்குறைய 40 பாகையை எட்டிவிடும். வளிமண்டலவியல் திணைக்களம் அண்மைய ஆண்டுகளில் மாவட்டவாரியாக வெளியிடும் வெப்ப எச்சரிக்கைகள் இந்தச் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்டவை.

இவ்வெச்சரிக்கைகள் பெரும்பாலும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் வருவதற்கும் காரணம் உண்டு. சூரியன் தன் வடதிசைப் பெயர்ச்சியில் ஏப்ரல் முற்பாதியில் இலங்கைக்கு நேர் மேலாக நிற்கிறது. நாலந்தாவின் அகலக்கோட்டில் அது ஏறத்தாழ ஏப்ரல் 9ஆம் நாளையொட்டி நிகழ்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் எழாத அந்த இடைக்காலத்தில் காற்றோட்டமும் குன்றிவிடுகிறது. உச்சி வெயில், அசையாத காற்று, பிற்பகல் இடிமழைக்கு முன் திரளும் நீராவி ஆகிய மூன்றும் ஒருசேர அமைவதால் சித்திரைப் புத்தாண்டுக் காலம் ஆண்டின் கடுமையான வெக்கைக் காலமாகிறது. பூமியின் சராசரி வெப்பநிலை உயர உயரக் காற்று மேலும் அதிக நீராவியைத் தாங்கக்கூடியதாகும் என்பதால், ஈர வெப்பம் தணிவதற்கு வழியில்லை.

வெப்பத்தை எதிர்கொள்ளும் ஆற்றலைப் பற்றிப் பேசும்போது நாலந்தாவில் நீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இவ்வூரின் புகழ்பெற்ற கற்கோயிலாகிய நாலந்தா கெடிகே, பல்லவர் காலத் திராவிடக் கட்டடக்கலையின் சாயல் கொண்ட பௌத்த வழிபாட்டிடம். போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்த்திய மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்படி, 1976 முதல் பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே உக்குவெலை மின்நிலையத்துக்கும், அங்கிருந்து சுது கங்கை வழியாக அம்பன் கங்கைக்கும் வந்து போவதென்னவில் தேங்குகிறது. பின்னர் இன்னொரு சுரங்கத்தின் வழியே லேனதொரைக்குச் சென்று, கண்டலம, கலாவாவி போன்ற வடக்கத்திக் குளங்களை நிரப்புகிறது. 2018 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும் இதே அம்பன் கங்கையின் குறுக்கே எழுந்தது. ஒரு கோயிலையே இடம்பெயர்த்துவிட்டுக் கொண்டுவரப்பட்ட நீர் இது. எனினும் அந்நீரில் பெரும்பகுதி இப்பகுதியைக் கடந்து தாழ்நிலங்களுக்குச் செல்வதேயன்றி, மேட்டுச் சரிவுகளில் மிளகும் மரக்கறியும் பயிரிடும் குடும்பங்களின் கிணறுகளுக்கு ஏறி வருவதில்லை. பெரிய அணை இருக்கும் ஊருக்கு வறட்சிப் பயமில்லை என்ற பொதுவான நம்பிக்கை நாலந்தாவைப் பொறுத்தவரை பாதி உண்மையே.

பெரிய நீர்த்தேக்கங்களாலும் நாடு தழுவிய வறட்சியைத் தடுக்க இயலவில்லை. 2016இன் பிற்பகுதியில் தொடங்கிய வறட்சியையடுத்து, 2017ஆம் ஆண்டின் மொத்த நெல் விளைச்சல் ஏறத்தாழ 27 இலட்சம் தொன்னாகச் சுருங்கும் என்றும், அது முந்தைய ஆண்டைவிட 40 சதவீத அளவுக்குக் குறைவு என்றும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் கணித்தன. அவ்வளவு பெரிய இழப்புக்கு நீரின்மையே முதற்காரணம். ஆனால் வயலில் நீர் நிறைந்திருக்கும்போதே வெப்பம் நெல்லைக் கெடுக்கும் வழியொன்றும் உண்டு. விவசாயிகளிடையே அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

நெற்பூ முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே விரிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தப் பை சரிவர வெடிக்காமலோ மகரந்தம் முளைக்காமலோ போய், மணி பிடிக்காத பதர்க்கதிர் உண்டாகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் கதிர் தன்னிடமுள்ள நீரை ஆவியாக்கிக் குளிர்வதும் தடைப்படுவதால், மனித உடலைப் போலவே நெற்பயிரும் ஈர வெப்பத்தில் கூடுதலாக வாடுகிறது. பெரும்போகம் உரிய காலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டால் பூக்கும் பருவம் தையின் குளிரோடு பொருந்தும். மழை பிந்தி விதைப்பும் பிந்தினால் பூ மாசி, பங்குனி வெயிலில் சிக்கும். ஆகவே விதைப்பு நாளை இரண்டு வாரம் முன்னே நகர்த்துவதும் வெப்பத்துக்கு எதிரான ஒரு பாதுகாப்பே.

அந்த நாளைத் தீர்மானிக்கும் அமைப்பு கிராமங்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் விவசாயிகளும் நீர்ப்பாசன, விவசாய, கமநல அதிகாரிகளும் கூடி, குளத்து நீர் எந்த நாளில் திறக்கப்படும், எந்த நாளுக்குள் விதைப்பு முடிய வேண்டும், எத்தனை மாத இனம் விதைக்கலாம் என்பவற்றை முடிவு செய்யும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டமே அது. பேச்சு பெரும்பாலும் குளத்தின் நீர்மட்டம், உரம், மாடு கட்டும் கெடு ஆகியவற்றைச் சுற்றியே நடந்து முடிந்துவிடுகிறது. பூக்கும் வாரம் எந்த வெப்பத்தில் விழும் என்ற ஒரேயொரு கேள்வியை அங்கே சேர்த்துவிட்டால், பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மூன்று மாத இனமான பிஜி 300, இரண்டரை மாத இனமான பிஜி 250 போன்றவற்றை எந்த ஆண்டில் தெரிவு செய்வது என்பதற்கும் விடை கிடைக்கும். நீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் பயிரிட்டு, அந்நிலத்தை எல்லாப் பங்காளிகளும் தற்காலிகமாகப் பகிர்ந்துகொள்ளும் ‘பெத்ம’ என்ற பழைய வழக்கமும் இத்தகைய கூட்டங்களில்தான் உயிர்பெறுகிறது. இழப்பை ஒரு சிலர் தலையில் கட்டாமல் ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் அவ்வழக்கத்தைவிடச் சிறந்த பயிர்க் காப்புறுதி இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம்.

உலர்வலயத்தின் தொடர்குள முறையும் இதே நோக்கில் கவனிக்கத்தக்கது. ஒரு சிற்றாற்றுப் படுகையில் மேலிருந்து கீழாகச் சிறுகுளங்களைச் சங்கிலியாக அமைத்து, மேற்குளத்தின் கழிவு நீர் கீழ்க்குளத்துக்குப் பயன்படுமாறு செய்த இம்முறையை உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக அங்கீகரித்தது. குளத்தின் மேற்கரையில் ‘கஸ்கொம்மன’ எனப்படும் மரச்சோலை காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது; ‘பெரஹன’ என்ற புற்படுகை வண்டலை வடிகட்டுகிறது; அணைக்கட்டின் கீழ்ப்புறத்துப் புதர்க்காடாகிய ‘கட்டகடுவ’ உவர் நீர் வயலுக்குள் கசிவதைத் தடுக்கிறது. குளத்தைத் தூர்வாருவதற்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் இந்த மரங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பதற்கு அதே அக்கறையைக் காட்டியதில்லை. பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியுடன் 2017இல் தொடங்கிய புனரமைப்புத் திட்டமும் மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா படுகைகளையே எடுத்துக்கொண்டது. அம்பன் கங்கைப் படுகை அதில் இடம்பெறவில்லை.

நாலந்தாவின் மேட்டு நிலங்களில் மரமே கூரை. பலா, தென்னை, கமுகு, கறுவா, கொக்கோ எனப் பல அடுக்குகளாக மரங்கள் நிற்கும் கண்டிய வீட்டுத் தோட்டம் தரையின் சூட்டைக் குறைப்பதோடு, ஒரு பயிர் பொய்த்த ஆண்டில் இன்னொன்றால் குடும்பத்தைத் தாங்குகிறது. மிளகுக் கொடிக்குத் தாங்குமரமாக நடப்படும் கிளிசீரியாவை எப்போது வெட்டுவது, வெட்டிய இலையைக் கொடியின் அடியில் பரப்புவதா விற்பதா என்பன சிறிய முடிவுகளாகத் தோன்றினாலும், வறண்ட மாதங்களில் கொடி பிழைப்பது அவற்றைப் பொறுத்ததே.

மரநிழல் எட்டாத இடங்களில்தான் மனித உடல் நேரடியாக வெப்பத்துக்கு ஆளாகிறது. நாலந்தா வழியே செல்லும் வீதி அதனை நெடுங்காலமாகவே கண்டுவந்திருக்கிறது: 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை வறண்ட காட்டு வழியே நடந்தனர், தாகத்தாலும் வாந்திபேதியாலும் பலர் வழியிலேயே இறந்தனர். அவர்களின் வழிவந்த மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அம்மக்களில் பலர் இன்றும் தகரக் கூரை வேய்ந்த, லயன் எனப்படும் தோட்ட வரிசை அறைகளில் வாழ்கின்றனர். பகலில் உறிஞ்சிய சூட்டை அக்கூரைகள் இரவிலும் வெளிவிடுவதால், உழைத்த உடல் உறக்கத்திலும் ஆறுவதில்லை. மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ உட்பட உலர்வலயக் கிராமங்களில் பரவியுள்ள, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு, வெயிலில் நெடுநேரம் உழைப்பதால் உண்டாகும் நீரிழப்பும் ஒரு காரணியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

வெப்பத்திலிருந்து மக்களைக் காப்பதற்கான முன்மாதிரிகள் இந்தியாவில் உள்ளன. 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300க்கும் அதிகமான உயிர்களை இழந்த அகமதாபாத், 2013இல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயற்றிட்டத்தை வகுத்தது. எச்சரிக்கை கிடைத்ததும் மருத்துவமனை, பள்ளி, தண்ணீர் வழங்கல் என ஒவ்வொரு துறையும் செய்ய வேண்டியதை அது முன்கூட்டியே வரையறுத்தது. கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசும் வேலையும் பின்னர் அதில் சேர்ந்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டென்றது. ஆனால் ஒரு பெருநகரத்தின் திட்டத்தை வயலும் தோட்டமும் கலந்த நாலந்தாவில் அப்படியே பெயர்த்து வைப்பது பயன்தராது. இங்கு தேவைப்படுவது நண்பகல் வேலை நேரத்தை மாற்றுதல், வேலைத்தளத்தில் நிழலும் குடிநீரும், லயன் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு, பாடசாலை விளையாட்டுப் போட்டிகளைக் காலை வேளைக்கு நகர்த்துதல் போன்ற செலவு குறைந்த ஒழுங்குகளே.

இவ்வொழுங்குகளை நிர்வாக எல்லைகள் துண்டாடுகின்றன. நீர் மகாவலி அதிகாரசபையிடமும், சிறுகுளம் கமநலத் திணைக்களத்திடமும், எச்சரிக்கையைப் பரப்பும் பொறுப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமும், லயன் கூரை தோட்ட நிர்வாகத்திடமும் இருக்கின்றன. வறட்சியும் வெள்ளமும் இவ்வெல்லைகளைப் பார்ப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை உள்ளிட்ட மலை மாவட்டங்களில் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைவித்தது; மரமற்ற சரிவு வறட்சியில் நீரைத் தேக்காது, பெருமழையில் மண்ணையும் தேக்காது. ஆகவே திட்டமிடலின் அலகு பிரதேச செயலக எல்லையாக அன்றி ஆற்றுப்படுகையாக இருக்க வேண்டும். நாவுல, அம்பன்கங்கைக் கோரளை, தம்புள்ளை ஆகிய செயலகங்கள் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரிக்குள் கூடி ஒரே வெப்பக் கால அட்டவணையை வெளியிடுவதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. அதுவரை காத்திராமல், அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வெப்பத்தையும் ஒரு விடயமாகச் சேர்க்குமாறு இப்பகுதிக் கமக்காரர் அமைப்புகள் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.