ஐரோலிக்கு எதிர்க்கரையில் ஒரு குடும்பத்தின் காடு

தாணேயில் வாஷி வண்டி ஏறி ஐரோலியில் இறங்கும் நம்மவர்கள் வேலைக்கு ஓடுவதோடு சரி. கரைப் பக்கம் போகிறவர்கள் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். இங்குள்ளவர்கள் 'காடி' என்று சொல்லும் தாணே கடற்கழி அங்கே விரிந்து கிடக்கிறது. 2017-இல் வனத்துறை திறந்த கடல்வாழ் உயிரின மையத்திலிருந்து, நீரேற்றம் பார்த்துப் படகு விடுகிறார்கள். நவம்பர் முதல் மே வரை பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். கோடியக்கரைக்கு வரும் அதே பறவைதான். 2015-இல் இந்தக் கழியைச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

எதிர்க்கரையில், சற்றுத் தெற்கே, விக்ரோலி. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை புதிதல்ல. சுமார் 1,750 ஏக்கர் அலையாத்திக் காடு! பத்தடிக்குப் பத்தடி அறைக்கு வாடகை கொடுக்கிறவருக்குத்தான் மும்பையில் இது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும்.

காத்து வருவது யார்? நம் ஊர்க் கல்யாணச் சீரில் பீரோவாக வருகிறாரே, அந்த கோத்ரெஜ்தான்.

1897-இல் பூட்டு செய்யத் தொடங்கிய பார்சிக் குடும்பம் அது. பிரோஜ்ஷா கோத்ரெஜ் 1940-களில் விக்ரோலியில் நிலம் வாங்கினார். தொழிற்சாலை வந்தது, குடியிருப்பு வந்தது, 1955-இல் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வந்தது. கழியோரக் காட்டில் மட்டும் கை வைக்கவில்லை. 1985-இல் அவருடைய மனைவி சூனாபாய் பெயரால் கடல்சூழல் ஆய்வு மையமும் ஏற்பட்டது. அவர்கள் பெயரிலுள்ள அறக்கட்டளை கல்விக்கும் மருத்துவத்துக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் பணம் கொடுக்கிறது.

குடும்பத்தாரின் பங்குகளில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவானது அறக்கட்டளைகள் பெயரில் இருப்பதாக அந்த நிறுவனமே அறிவித்திருந்தது. கம்பெனி சம்பாதித்தால் தர்மமும் சம்பாதிக்கும்.

கோவைக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் சொத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. பி.எஸ்.ஜி. கல்லூரிகள் அதில் முளைத்தவையே.

மும்பையிலேயே இன்னும் பழைய உதாரணம் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் மேல்படிப்புக்கு நிதி வைத்தார். இனாம் அல்ல, கடன். படித்தவர் திருப்பிக் கட்டினால் அடுத்தவர் கப்பல் ஏறலாம். கேரளத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை கே.ஆர்.நாராயணன் டாட்டா உதவியில்தான் லண்டன் போனார். 1997-இல் குடியரசுத் தலைவர் ஆனார். பட்டம் முடித்து வெளிநாட்டுப் படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

படித்த பிள்ளை கடனைத் திருப்பிக் கட்டுவான். வெட்டிய காடு அப்படித் திரும்பி வராது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கடலோரச் சேற்றுக் காடு எதற்கு என்று நகரம் அன்றுதான் யோசித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் அதை அழிக்கத் தடை போட்டது.

ஆனால் பொதுக் காரியத்துக்கு விலக்கு உண்டு. 2022 டிசம்பரில் புல்லட் ரயிலுக்காக, பால்கர் முதல் மும்பை வரை சுமார் 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட அதே நீதிமன்றம் அனுமதித்தது. ஒன்றுக்கு ஐந்தாக நடுவோம் என்றது ரயில் கழகம். விக்ரோலியில் கோத்ரெஜ் நிலம் கொஞ்சம் அத்திட்டத்துக்குப் போயிற்று; வழக்காடியும் பயனில்லை.

2024-இல் குடும்பமும் தொழிலைப் பிரித்துக்கொண்டது. விக்ரோலி நிலம் ஜாம்ஷெட் கோத்ரெஜ் தரப்புக்கு வந்தது. காடு இன்னும் நிற்கிறது. ஐரோலிக்கும் விக்ரோலிக்கும் இடைப்பட்ட இதே கழிக்கு அடியில்தான் புல்லட் ரயிலின் சுரங்கம் 7 கிலோமீட்டர் செல்ல இருக்கிறது.