படத்துக்காக ஓர் அச்சுக்கூடம்

குழந்தைகள் புத்தகத்தில் படம் தெளிவில்லாமல் இருந்தால் என்ன செய்வோம் நேயர்களே? பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவோம், இல்லையா?

ஆங்கிலேயர் காலத்துக் கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி அப்படி விடவில்லை. சிறுவர்களுக்காக அவர் எழுதிய ராமாயணத்துக்குத் தானே படமும் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டபோது படங்கள் சிதைந்துபோயின. மனம் பொறுக்காமல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, படம் அச்சிடும் நுட்பத்தைத் தானே கற்று, சொந்தத் தொழிலையே தொடங்கிவிட்டார்! பிறகு 1913இல், வங்கக் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற படங்கள் நிறைந்த இதழையும் ஆரம்பித்தார். திரைப்பட மேதை சத்யஜித் ராய் இவருடைய பேரன்தான்.

உபேந்திரகிஷோர் படத்துக்குக் கொடுத்த முக்கியத்துவத்தை நாமும் நினைவில் கொள்வோம். புராணமோ, விடுதலைப் போராட்ட வரலாறோ, உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்குச் சொல்லும்போது முதலில் ஒரு நல்ல படத்தைக் காட்டுங்கள். கேள்விகள் தானாக வரும்!