மடல் எங்கே நின்றது?

ஒப்படைப்பின் கடைசி நாளில் மாணவர் ஒருவர் கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்புகிறார். வழங்கியை அணுக இயலவில்லை என்ற அறிவிப்பு தோன்றுகிறது. உடனே அவர் மீண்டும் மீண்டும் அனுப்ப முயல்கிறார். அதற்குமுன் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: அணுக இயலாமற்போனது எந்த வழங்கி?

மின்னஞ்சல் ஒரே தாவலில் பெறுநரை அடைவதில்லை. நம் கணினி மடலை முதலில் நமக்குரிய வெளிச்செல்லும் அஞ்சல் வழங்கியிடம் ஒப்படைக்கிறது. அவ்வழங்கி, பெறுநரின் அஞ்சலை ஏற்கும் வழங்கியைத் தேடிச் சென்று கையளிக்கிறது. இவ்விரு கட்டங்களிலும் பேசப்படுவது எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையே. ஜான் போஸ்டல் அதனை 1982இல் ஆவணமாக வெளியிட்டார்.

மடல் அவுட்பாக்ஸிலேயே தங்கியிருந்தால் தடை முதற்கட்டத்தில் உள்ளது. இணைய இணைப்பும் வழங்கியின் பெயரும் சரியாக இருப்பின், அடுத்து நோக்க வேண்டியது துறை எண். ('போர்ட்' என்பதற்குத் துறை என்பது நல்ல சொல், எண் மாறினால் கரை சேரும் இடமும் மாறிவிடுகிறது.) 25ஆம் துறை வழங்கிகள் தமக்குள் மடல் மாற்றிக்கொள்வதற்குரியது. குப்பை அஞ்சலைத் தடுக்கும் பொருட்டுப் பல வலையமைப்புகள் பயனரின் கணினியிலிருந்து அத்துறைக்குச் செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன. பயனருக்குரியவை 587, 465 ஆகிய துறைகளே. வீட்டில் செல்லும் மடல் பள்ளியில் செல்லாதிருப்பின், கைப்பேசியின் தரவு இணைப்பு வழியாக அனுப்பிப் பார்க்கலாம். அப்போது சென்றுவிட்டால், பழுது வழங்கியில் இல்லை. பள்ளி வலையமைப்பில் வழி அடைபட்டுள்ளது எனத் துணியலாம்.

அறிவிப்பின் சொற்களையும் நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். நேரம் கடந்தது என்றால் மறுமுனையிலிருந்து மறுமொழியே வரவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்றால், பெரும்பாலும் அங்கே கணினி இயங்குகிறது, அத்துறையில் அஞ்சல் சேவை இயங்கவில்லை.

மடல் 'அனுப்பியவை' பகுதிக்குச் சென்றுவிட்டால், நம் வழங்கி பொறுப்பேற்றுக்கொண்டது என்பதே பொருள். பெறுநரிடம் சேர்ந்துவிட்டது என்பதன்று. பெறுநரின் வழங்கி எட்டாதபோது நம் வழங்கி மடலை வரிசையில் வைத்து மீண்டும் முயலும். முயற்சிகளுக்கிடையே குறைந்தது 30 நிமிடம் விடுவதையும், கைவிடுமுன் 4 முதல் 5 நாளேனும் முயல்வதையும் நெறிமுறை பரிந்துரைக்கிறது. இடையில் தாமத அறிவிப்பு வரக்கூடும். அதனைத் தோல்வி எனக் கொண்டு மறுபடி அனுப்பினால் ஆசிரியருக்கு ஒரே கட்டுரை பலமுறை போய்ச் சேரும். 4இல் தொடங்கும் குறியெண் தற்காலிகத் தடையையும், 5இல் தொடங்குவது நிலையான மறுப்பையும் உணர்த்தும். முன்னதற்குப் பொறுத்திருக்கலாம், பின்னதற்கு முகவரி முதலியவற்றைத் திருத்தாமல் மறுபடி அனுப்புவது வீண்.

ஆயினும் கடைசி நாள் ஐந்து நாள் காத்திராது. மாணவர் தாமத அறிவிப்பைப் பாதுகாத்து வைத்து, ஆசிரியருக்கு வேறு வழியில் செய்தி தெரிவிப்பது நன்று. ஆசிரியரும் அதனைச் சாக்கு என்று தள்ளிவிடலாகாது. மடல் கடந்துவரும் வழங்கி ஒவ்வொன்றும், தான் பெற்ற நேரத்தை அதன் தலைப்புப் பகுதியில் பதிக்கிறது. இரண்டு நாள் கழித்து வந்த மடலாயினும், அப்பதிவுகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் மாணவர் எப்போது ஒப்படைத்தார், மடல் எவ்வழங்கியில் காத்திருந்தது என்பவை புலப்படும்.