இணையச் சந்தையில் கண்ணுக்குப் புலப்படாத கடைகள்

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பது நம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்றாகும். பூவின் மணமே வாங்குபவரைக் கடை வாசலுக்கு அழைத்து வந்துவிடும் என்பது இதன் பொருள். சுன்னாகம் சந்தையிலோ திருநெல்வேலிச் சந்தையிலோ கடை விரிக்கும் ஒருவருக்கு இக்கூற்று இன்றும் பொருந்தக்கூடும். ஆனால், இணையத்தினூடாகப் பொருள்கள் விற்கப்படும் சந்தைகளில் மணம் வீசுவதில்லை. அங்கு வாங்க வருபவர் கடைத் தெருவில் நடப்பதுமில்லை. ஒரு சிறிய கட்டத்தினுள் இரண்டு மூன்று சொற்களை எழுதுகின்றார். திரையில் விரியும் பட்டியலின் மேற்பகுதியில் உள்ள சில பொருள்களைப் பார்க்கின்றார். அவற்றுள் ஒன்றை வாங்குகின்றார் அல்லது வாங்காமலே அகன்றுவிடுகின்றார். அப்பட்டியலின் ஐந்நூறாவது இடத்தில் உள்ள பொருள் எத்துணை தரமானதாயினும், அவரைப் பொறுத்தவரை அது உலகிலேயே இல்லாத பொருள்தான்.

ஆகவே, இணையச் சந்தையில் விற்பவரின் முதற் பிரச்சினை விலையுமன்று, தரமுமன்று. தனது பொருள் கண்ணில் படுவதே முதற் பிரச்சினையாகும். இதற்கு விற்பவர் செய்யக்கூடியது என்ன, அவரது கைக்கு அப்பாற்பட்டது என்ன என்ற இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது இன்று அவசியமாகியுள்ளது.

வரிசை பிறந்த கதை

ஈபே எனப்படும் இணையச் சந்தை 1995 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. அங்கு முதன்முதலாக விற்பனையான பொருள் பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்றாகும். அது 14.83 டொலருக்கு ஏலம் போனது. சந்தை சிறிதாக இருந்த அக்காலத்தில் பழுதடைந்த பொருளும் தனக்குரிய கொள்வனவாளரைத் தேடிக்கொண்டது.

சந்தை பெருகியபோது வரிசை ஒன்று தேவைப்பட்டது. ஈபே நீண்ட காலமாகக் கடைப்பிடித்த வரிசை மிக எளிமையானது. எந்த ஏலம் விரைவில் முடிவடைய இருக்கின்றதோ அது பட்டியலில் முதலில் தோன்றும். பெரிய வணிகராயினும் வீட்டின் பழைய பொருளை விற்கும் குடும்பப் பெண்ணாயினும், ஏலத்தின் இறுதி வேளையில் அவரவர் பொருள் மேலே வந்தே தீரும். கடிகாரத்துக்குப் பாரபட்சம் தெரியாது. எந்த நாளில் எத்தனை மணிக்கு ஏலம் முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அன்றைய விற்பனையாளரின் பிரதான தந்திரமாக இருந்தது.

2008 ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. தேடுபவருக்கு 'மிகப் பொருத்தமானது' எனச் சந்தையின் கணினி கருதுவதே முதலில் தோன்றும் என்ற ஒழுங்கு வழமையானதாக்கப்பட்டது. பொருளின் தலைப்பு, விலை, விற்பனையின் வேகம், விற்பவரின் முன்னைய நடத்தை ஆகியன சேர்ந்து இடத்தைத் தீர்மானிக்கலாயின. நேரம் தீர்மானித்த வரிசையைச் சந்தை உரிமையாளரின் கணிப்பு தீர்மானிக்கலாயிற்று. அதே திசையிலேயே ஏனைய பெரும் இணையச் சந்தைகளும் சென்றுள்ளன.

வாங்குபவருக்கு இதனால் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இலட்சக்கணக்கான பொருள்களுக்கிடையே தனக்கு வேண்டியதை விரைவாகக் கண்டடைய அவருக்கு இது உதவுகின்றது. ஏமாற்றும் விற்பனையாளர் பின்னே தள்ளப்படுகின்றார். ஆனால், விற்பவர் தாம் ஏன் மேலே உள்ளோம், ஏன் கீழே உள்ளோம் என்பதை அறியாதவராகின்றார்.

விற்பவரின் கையில் உள்ளவை

இவ்வாறு இருப்பினும் விற்பவரால் செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றுள் முதலாவது தலைப்பாகும். ஈபேயில் ஒரு பொருளின் தலைப்புக்கு 80 எழுத்துகளே அனுமதிக்கப்படுகின்றன. இச்சிறிய இடத்தில் "அழகிய, அற்புதமான கைவினைப்பொருள், உடனே வாங்குங்கள்" என எழுதுபவர் தமது இடத்தை வீணாக்குகின்றார். அற்புதம் என்ற சொல்லை எழுதிக் கூடை தேடுபவர் எவருமில்லை. "பனையோலைக் கூடை, மூடியுடன், கையால் பின்னியது, 30 சென்ரிமீற்றர்" என எழுதினால் அச்சொற்களுள் எதை எழுதித் தேடினாலும் அப்பொருள் அகப்படும்.

இதில் நமது விற்பனையாளர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பனையைக் குறிக்கும் 'பல்மைரா' என்ற ஆங்கிலச் சொல்லின் இறுதியில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுவது இலங்கை வழக்கமாகும். வெளிநாட்டவர் பலர் அவ்வெழுத்தின்றி எழுதுவர். இன்னும் பலருக்கு அச்சொல்லே தெரியாது. அவர்கள் 'பாம் இலைக் கூடை' என்றே தேடுவர். விற்பவர் பொருளை எவ்வாறு அழைக்கின்றார் என்பதன்று, வாங்குபவர் எவ்வாறு அழைக்கின்றார் என்பதே இங்கு முக்கியம். அதனை அறிவதற்குப் பெரும் ஆய்வு தேவையில்லை. தேடற் கட்டத்தில் முதற் சொல்லை எழுதியவுடன் சந்தை தானாக முன்மொழியும் தொடர்களைக் கவனித்தாலே போதுமானது.

இரண்டாவது, பொருளின் விபரங்களாகும். நிறம், அளவு, செய்பொருள், தயாரிக்கப்பட்ட நாடு என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வழங்கப்பட்டிருக்கும். பலர் இவற்றை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். வாங்குபவர் 'மண்ணிறம்' என்பதை மட்டும் தெரிவு செய்து பட்டியலைச் சுருக்கும்போது, நிறம் குறிப்பிடப்படாத பொருள் உண்மையில் மண்ணிறமாக இருப்பினும் அப்பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஐந்து நிமிட அலட்சியம் பல மாத விற்பனையைப் பாதிக்கின்றது.

மூன்றாவது புகைப்படமாகும். பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் படமே கைகளின் தொழிலைச் செய்கின்றது. அமேசன் சந்தையில் முதற் படத்தின் பின்னணி தூய வெண்ணிறமாக இருக்க வேண்டும் என்பதும், படச் சட்டத்தின் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும் என்பதும் விதியாகும். ஒரு வெள்ளைத் துணியும் சாளரத்தின் பகல் வெளிச்சமும் இருந்தால் சாதாரண கைத்தொலைபேசியிலேயே இதற்கு அண்மித்த படத்தை எடுத்துவிடலாம். குறைபாடு ஏதுமிருப்பின் அதனையும் படமெடுத்துக் காட்டுவதே நலம். மறைக்கப்பட்ட குறை, திருப்பியனுப்பப்படும் பொதியாக விற்றவரின் வீட்டுக்கே வந்து சேரும்.

நான்காவது, விலையும் அனுப்புதலுமாகும். பொருளின் விலையைக் குறைத்துக் காட்டி, தபாற் செலவைக் கூட்டி அறவிடும் தந்திரத்தை வாங்குபவர்கள் எளிதில் கண்டுகொள்கின்றனர். ஒரு நாளில் அனுப்புவதாக வாக்களித்து ஐந்தாம் நாளில் அனுப்புபவரைக் கணினியும் கணக்கில் வைத்துக்கொள்கின்றது. இயலாத வாக்குறுதியை அளிப்பதிலும் பார்க்க, மூன்று நாள்கள் எனக் குறிப்பிட்டு இரண்டாம் நாளில் அனுப்புவது புத்திசாலித்தனமானதாகும்.

நற்பெயரும் போலிச் சான்றும்

புதிதாகக் கடை திறப்பவரை வாட்டும் பிரச்சினை வேறொன்றாகும். வாங்கியவர்கள் எழுதும் மதிப்பீடுகள் அவரிடம் இல்லை. மதிப்பீடு இல்லாததால் எவரும் வாங்குவதில்லை. எவரும் வாங்காததால் மதிப்பீடும் சேர்வதில்லை.

இதன் பெறுமதியை அளந்த ஆய்வொன்று 2006 ஆம் ஆண்டு வெளியானது. போல் ரெஸ்னிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஈபேயில் நற்பெயர் பெற்ற ஒருவரைக் கொண்டு பழைய தபாலட்டைகளை விற்பனை செய்வித்தனர். ஒரே வகையான அட்டைகளை அவர் தமது பெயரிலும், முன்பின் அறியப்படாத புதிய பெயர்களிலும் விற்றார். பொருளும் ஒன்று, விற்றவரும் ஒருவரே. எனினும், பழைய பெயருக்கு வாங்குபவர்கள் சராசரியாக 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தனர். புதியவர் செலுத்தும் நுழைவுக் கட்டணம் என இதனைக் கொள்ளலாம்.

இக்கட்டணத்தைத் தவிர்க்க விரும்பும் சிலர் உறவினர்களையும் நண்பர்களையும் கொண்டு போலி மதிப்பீடுகளை எழுதுவிக்கின்றனர். பணம் கொடுத்து வாங்குவோரும் உளர். இது சந்தையின் விதிகளுக்கு மட்டுமன்றி இன்று சில நாடுகளில் சட்டத்துக்கும் முரணானது. ஐக்கிய அமெரிக்காவில் போலி மதிப்பீடுகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் இத்தகைய தடை 2025 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. சிறு இலாபத்துடன் சில பொருள்களை விற்று, கேள்விகளுக்கு அன்றே பதிலளித்து, பொதியை ஒழுங்காகக் கட்டி அனுப்பி மதிப்பீடுகளைச் சேர்ப்பதே நிலைத்து நிற்கும் வழியாகும். அது மெதுவான வழிதான். ஆனால், ஒரே இரவில் கடை மூடப்படும் ஆபத்து அதில் இல்லை.

விலைக்கு விற்கப்படும் இடம்

மேலே கூறிய யாவற்றையும் பிழையின்றிச் செய்த ஒருவரும் பின்வரிசையில் நிற்க நேரிடலாம். ஏனெனில், முன்வரிசை இன்று விலைக்கு விற்கப்படுகின்றது. அமேசன் நிறுவனத்தின் விளம்பர வருமானம் 2021 ஆம் ஆண்டில் 31 பில்லியன் டொலரளவில் இருந்து, 2024 ஆம் ஆண்டில் 56 பில்லியன் டொலரைத் தாண்டியது. இதில் பெரும்பகுதி, தேடற் பட்டியலில் நல்ல இடம் வேண்டி விற்பனையாளர்கள் செலுத்தும் பணமாகும்.

இவ்விடத்தை வாங்குமுன் எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். உதாரணமாக, 2,000 ரூபாவுக்கு விற்கப்படும் கூடையொன்றில் 500 ரூபா இலாபம் கிடைப்பதாகக் கொள்வோம். விளம்பரத்தை ஒருவர் அழுத்தும் ஒவ்வொரு தடவைக்கும் 20 ரூபா அறவிடப்படுகின்றது. முப்பது பேர் அழுத்தினால் ஒருவர் வாங்குகின்றார். அப்படியாயின் ஒரு விற்பனைக்கான விளம்பரச் செலவு 600 ரூபாவாகும். விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகும். பொருள் விற்றால் மட்டும் ஒரு சதவீதத்தை அறவிடும் விளம்பர முறையும் சில சந்தைகளில் உள்ளது. சிறிய விற்பனையாளருக்கு அதுவே பாதுகாப்பானது. தலைப்பையும் படத்தையும் திருத்தாமல் விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒத்ததாகும்.

இதிலும் பாரதூரமான விடயம், சந்தையின் உரிமையாளரே அங்கு கடையும் வைத்திருப்பதாகும். அமேசனில் விற்பனையாகும் பொருள்களின் பெறுமதியில் வெளி விற்பனையாளர்களின் பங்கு 1999 இல் 3 சதவீதமாக இருந்து 2018 இல் 58 சதவீதமாக உயர்ந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. எஞ்சியதை விற்பது அமேசனே. இரு தரப்பினரின் பொருள்களையும் வரிசைப்படுத்துவதும் அதுவே. 2022 டிசெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு மேற்கொண்ட விசாரணையின் முடிவில், முதன்மை விற்பனையாளரைத் தெரிவு செய்யும்போது எல்லா விற்பனையாளர்களையும் சமமாக நடத்துவதாக அமேசன் உறுதியளிக்க நேர்ந்தது. 2023 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவும் 17 மாநிலங்களும் அந்நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. தேடல் முடிவுகளைத் தனது பொருள்களுக்குச் சாதகமாகத் திரிப்பதாகவும், பொருத்தமான முடிவுகளின் இடத்தை விளம்பரங்களால் நிரப்புவதாகவும் அதில் குற்றஞ்சாட்டப்பட்டது. அமேசன் இக்குற்றச்சாட்டுகளை மறுத்துள்ளது.

சட்டம் செய்ய வேண்டியது

வரிசையின் விதிகளை அறிந்துகொள்ளும் உரிமை விற்பவருக்கு உண்டு என்பதை முதலில் விரிவாகச் சட்டமாக்கியது ஐரோப்பிய ஒன்றியமாகும். 2020 ஜூலை 12 முதல் அங்கு நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதியின்படி, பொருள்களின் வரிசையைத் தீர்மானிக்கும் பிரதான காரணிகளைச் சந்தை நிறுவனங்கள் தெளிவான மொழியில் வெளியிட வேண்டும். பணம் செலுத்துவதால் இடம் மாறுமாயின் அதனையும் கூற வேண்டும். கணினியின் சூத்திரத்தையே வெளியிடுமாறு சட்டம் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டால் ஏமாற்றுவோருக்கே அது பயன்படும். அதே மாதத்தில் அண்டை நாடான இந்தியாவும் தனது இலத்திரனியல் வர்த்தக விதிகளில் இத்தகைய கடப்பாட்டைச் சேர்த்துக்கொண்டது.

நமது நாட்டிலோ 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டமும் இத்தகைய சந்தைகள் இங்கு வேரூன்றுவதற்கு முன்னர் இயற்றப்பட்டவையாகும். பிந்தியது, இலத்திரனியல் முறையில் செய்யப்படும் ஒப்பந்தத்துக்குச் சட்ட வலுவை அளிக்கின்றது. ஆனால், பட்டியலில் எவர் முன்னே, எவர் பின்னே என்பதற்குரிய காரணத்தைக் கூறுமாறு எவரையும் அது கேட்பதில்லை. பனையோலையும் கைத்தறியும் பத்திக்கும் கொண்டு வீட்டிலிருந்தே பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் இன்று இணையச் சந்தைகளில் கடை திறக்கின்றன. விற்பனை திடீரென வீழ்ச்சியடையும் வேளையில் அதற்கான காரணத்தைக் கேட்டறிய அவர்களுக்கு ஒரு வாசலாவது இருத்தல் வேண்டும்.

ஊர்ச் சந்தையில் எவருக்கு எந்த இடம் என்பதை நிர்வாகம் தன் விருப்பப்படி நாள்தோறும் மாற்றினால் வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அன்றே பிரதேச சபையின் வாசலுக்குச் சென்று காரணம் கேட்பார்கள். இணையச் சந்தையில் அதே மாற்றம் சத்தமின்றி நிகழ்கின்றது. விற்பவர் தமது தலைப்பையும் படத்தையும் நேர்மையையும் சீர்செய்துகொள்வது அவரது கடமையாகும். இடம் ஒதுக்குபவர் அதன் நியாயத்தைக் கூறுமாறு செய்வது அரசின் கடமையாகும். முதலாவதை மட்டும் உபதேசித்து இரண்டாவதைக் கைவிடுவது, கண்ணில் படாத கடைக்காரரையே அவரது நட்டத்துக்குக் குற்றவாளியாக்குவதாகிவிடும்.